நூறு வரை சொல்கிறான், ஐந்து தட்டு கேட்டால் கை நிறைய அள்ளி வருகிறான்

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல மாதமாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகனுக்கு மூன்று வயது பத்து மாதம். ஒன்றிலிருந்து ஐம்பது வரை தடங்கலில்லாமல் சொல்வான், உற்சாகமாக இருந்தால் நூறு வரை போவான். நேற்று நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. "கண்ணா, அஞ்சு தட்டு எடுத்துட்டு வா" என்றேன். எட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான். "அஞ்சுதானே கேட்டேன், எண்ணிப் பாரு" என்றேன். ஒவ்வொரு தட்டாகத் தொட்டு எட்டு வரை சரியாக எண்ணினான். "சரி, அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் எண்ணினான். கடைசியில் அழுதுவிட்டான்.

மழலையர் பள்ளியில் "எழுதிப் பழகினால் சரியாகிவிடும்" என்று தினமும் இரண்டு பக்கம் எண் எழுதி வரச் சொல்கிறார்கள். மாமியார், சேட்டையில் வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார். எனக்கு அது சேட்டையாகத் தெரியவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். கேட்டது என்ன என்றே அவனுக்குப் புரியவில்லை. இந்த வயதில் இப்படித்தான் இருக்குமா, இல்லை யாரிடமாவது காட்ட வேண்டுமா?

பால்வாடி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.05

யாரிடமும் காட்ட வேண்டாம்மா. அங்கன்வாடியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். உங்கள் பையனைப் போல நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் பத்துப் பதினைந்து புளியங்கொட்டை போட்டுப் பக்கத்தில் வையுங்கள். "எனக்கு ஒண்ணு குடு" என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு என்று கேளுங்கள். பரீட்சை மாதிரி இருக்கக் கூடாது, ஒரு பொம்மைக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி இருக்கட்டும். எந்த எண் வரை யோசித்து எடுக்கிறான், எந்த எண்ணிலிருந்து அள்ளுகிறான் என்று கவனியுங்கள். அந்த இடத்தில்தான் அவன் இப்போது நிற்கிறான். நூறு வரை சொல்வது பாட்டு. பாட்டை நிறுத்த வேண்டாம், ஆனால் அதை வைத்து அவனுக்கு எண் தெரியும் என்றோ தெரியாது என்றோ முடிவு கட்டாதீர்கள்.

மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டதுதான் அவனை அழ வைத்திருக்கும். பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரியவர்கள் மறுபடி கேட்டால் முதலில் சொன்னது தப்பு என்று அர்த்தம்.

எண்ணும் மனம் | ஞாயிறு, இரவு 11.30

டீச்சர் சொன்ன புளியங்கொட்டைச் சோதனையைத்தான் உலகம் முழுக்க ஆய்வாளர்களும் செய்கிறார்கள். நான் குழந்தை உளவியல் படித்தவன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வு இது. பிள்ளைகளிடம் பொம்மைகளைக் குவித்து வைத்து "இத்தனை கொடு" என்று கேட்டார். முதலில் 'ஒன்று' மட்டும் புரிந்த பிள்ளைகள். இவர்களிடம் ஒன்று கேட்டால் ஒன்று தருவார்கள், வேறு எது கேட்டாலும் ஒரு கைப்பிடி. பல மாதம் கழித்து 'இரண்டு' புரியும். அப்புறம் 'மூன்று'. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய தாவல் வருகிறது: எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்த எண்ணிக்கை என்பது ஒரு நாள் பிடிபடுகிறது. அது பிடிபட்டால் ஐந்து, ஆறு, ஏழு என்று தனித்தனியாகக் கற்க வேண்டாம், எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஆய்வு நடந்த பிள்ளைகளில் இது மூன்றரை வயதை ஒட்டி நடந்தது. ஆனால் வயதைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். பொலிவியாவின் சிமானே பழங்குடிப் பிள்ளைகளும் இதே படிகளை இதே வரிசையில்தான் ஏறுகிறார்கள், சில ஆண்டுகள் தாமதமாக. வரிசை மாறுவதில்லை, வேகம் மாறுகிறது.

எண்ணுவது நமக்கு ஒரே செயல் மாதிரித் தெரிகிறது. ரோஷல் கெல்மனும் ராண்டி கேலிஸ்டலும் 1978இல் அதை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். சொற்களின் வரிசை மாறக் கூடாது. கடைசிச் சொல் மொத்தத்தைக் குறிக்கும். தட்டானாலும் தாளமானாலும் எதையும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் விடை ஒன்றே. உங்கள் மகன் முதல் இரண்டையும் அழகாகச் செய்கிறான் சகோதரி. மூன்றாவதற்கு இன்னும் வந்து சேரவில்லை. "எத்தனை?" என்ற கேள்வி அவனுக்கு "எண்ணு" என்றுதான் கேட்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கீழ்ப்படிந்து எண்ணிக் காட்டினான்.

பழைய கணக்கு | திங்கள், காலை 6.10

முப்பத்தொரு ஆண்டு கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதிய இருவர் மீதும் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மனப்பாடத்தை ஏதோ குற்றம் போலப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. என் தாத்தா திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர். மாகாணி, அரைக்கால், முந்திரி என்று பின்னங்களைக் கடகடவென்று சொல்வார். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு! நெல் அளக்கிற இடத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வாயில் இருந்தால்தான் ஒரு நாள் மனசுக்குப் போகும். விளையாட்டு, பொம்மை என்றே போனால், ஒன்பதாம் வகுப்பில் ஏழெட்டு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணும் பிள்ளைகள்தான் வருகிறார்கள். அவர்களோடு நான் மாரடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மல்லிகைப்பந்தல் | திங்கள், இரவு 8.45

ஐயா, நீங்கள் சொல்வதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன். யானைப் பொம்மைக்கு ஊட்டுகிற மாதிரி. ஒன்று கேட்டேன், ஒன்று. இரண்டு கேட்டேன், இரண்டைக் கவனமாகப் பொறுக்கி எடுத்தான். மூன்று கேட்டேன், ஒரு கைப்பிடி. நான்குக்கும் கைப்பிடி. ஏழுக்கும் அதே கைப்பிடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது டீச்சர். இத்தனை நாள் நூறு வரை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரிந்தது இரண்டு. அதை நினைத்தால் வருத்தமாக இல்லை, இப்போதுதான் அவனை முதல் முறை பார்ப்பது போல இருக்கிறது.

டெல்லித் தமிழன் | செவ்வாய், மதியம் 1.15

எண்களின் பெயர் பற்றி ஒரு விஷயம். என் மகள் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எண்ணக் கற்றாள். மூன்றில் எது எளிது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

தமிழில் பத்தோடு ஒன்று பதினொன்று, இருபதோடு மூன்று இருபத்துமூன்று. பத்துகளாகக் கட்டப்பட்டிருப்பது சொல்லிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் இலெவன், டுவெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து இருப்பது எந்தக் குழந்தைக்கும் கேட்காது. இந்தியில் இன்னும் கடினம், நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பழக வேண்டும். 29க்கு உன்தீஸ், அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற கட்டு. சீன மொழியில் பதினொன்று என்பது அப்படியே 'பத்து ஒன்று'. சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், பத்து வரை இரு தரப்பும் சமம், பத்தைத் தாண்டிய இடத்தில்தான் அமெரிக்கப் பிள்ளைகள் தடுமாறினார்கள்.

ஆனால் நம் மொழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு என் மகள் "ஒன்பதுபது" என்றாள்! எழுபது, எண்பது என்று வந்தவள் அடுத்து வேறென்ன சொல்வாள்? நாமோ தொண்ணூறு என்கிறோம், சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது. 900 தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம். "ஒன்பதுபது" என்று சொல்லும் குழந்தை தவறு செய்யவில்லை, விதியைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த இடத்தில் அதட்டினால் கண்டுபிடித்த விதியையும் சேர்த்துக் கைவிட்டுவிடும். அவள் சொன்னதை நான் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

கிணற்றடி நிலா | செவ்வாய், இரவு 9.50

"மறுபடி கேட்டால் தப்பு என்று அர்த்தம்" என்று டீச்சர் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. என் மகளுக்கு ஐந்து வயது. போன வாரம் அவளுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு டம்ளரில் மோர் ஊற்றினேன். தம்பி டம்ளர் கை நழுவும் என்று அவன் மோரை ஒரு ஒல்லியான உயரமான கிளாஸுக்கு மாற்றினேன். "அவனுக்கு மட்டும் ஜாஸ்தி" என்று ஒரே அழுகை. அவள் கண் முன்னால்தான் மாற்றினேன். எவ்வளவு விளக்கியும் கேட்கவில்லை. இதுவும் இந்த வயதின் இயல்பா?

எண்ணும் மனம் | செவ்வாய், இரவு 11.10

இயல்புதான். ஜெனிவாவில் குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜே செய்து பார்த்த புகழ்பெற்ற சோதனை உங்கள் வீட்டில் மோரில் நடந்திருக்கிறது. சிறு பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள், அகலம் குறைந்ததைச் சேர்த்துப் பார்ப்பதில்லை என்றார் அவர். நாணயத்திலும் அப்படித்தான். இரண்டு வரிசையில் சமமாக அடுக்கிவிட்டு ஒரு வரிசையைக் கொஞ்சம் பரப்பினால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். ஏழு வயதை ஒட்டித்தான் இது தெளிகிறது என்பது பியாஜேயின் முடிவு.

அந்த முடிவை 1974இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்கேரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் அசைத்துப் பார்த்தார்கள். ஒரு குறும்புக் கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து வந்து வரிசையைக் கலைத்துவிடுகிறது. "அடடா, கரடி கெடுத்துவிட்டதே, இப்போ இரண்டிலும் ஒரே அளவுதானா?" என்று கேட்டார்கள். பெரியவர் கையால் பரப்பியபோது தவறாகச் சொன்ன அதே நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர், கரடி கலைத்தபோது சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், "விடையை மாற்றச் சொல்கிறார் போல" என்று பிள்ளை நினைக்கிறது. டீச்சர் பதினாறு வருஷ அனுபவத்தில் சொன்னது இதேதான்.

உங்கள் மகளிடம் விளக்க வேண்டாம். அடுத்த முறை அவள் கையிலேயே சொம்பைக் கொடுத்து, அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே ஊற்ற விடுங்கள். பழைய டம்ளருக்குத் திரும்ப வரும்போது அதே கோட்டில் வந்து நிற்பதை அவளே பார்க்கட்டும். தரை நனையும், நனையட்டும்.

இரண்டாம் வகுப்பு | புதன், மாலை 5.30

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். கணக்கு பற்றியே பேசுகிறோம், அறிவியலிலும் இதேதான் நடக்கிறது.

பூமி உருண்டை என்று என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். "பூமியை வரைந்து அதில் நீ எங்கே இருக்கிறாய் என்று காட்டு" என்றேன். வட்டம் வரைந்தார்கள். பலர் வட்டத்துக்கு உள்ளே, அடியில் ஒரு தரைக்கோடு போட்டு அதன் மேல் நின்றார்கள்! ஒரு பையன் இரண்டு பூமி வரைந்தான். நாம் நிற்கிற தட்டையான தரை ஒன்று, வானத்தில் உருண்டையாக இன்னொன்று. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992இல் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டதும் இதே படங்கள்தான். 1996இல் ஹைதராபாத் பிள்ளைகளிடம் இதே ஆய்வு நடந்தபோது இன்னொரு படமும் வந்தது: தண்ணீரின் மேல் நிற்கும் பூமி. வீட்டில் கேட்ட கதையும் பள்ளியில் கேட்ட பாடமும் குழந்தைக்குள் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

அதைப் பார்த்த பிறகு என் கற்பித்தல் முறை மாறியது. தரை தட்டை என்பதைக் குழந்தை கண்ணால் தினமும் பார்க்கிறது. உருண்டை என்று நாம் சொல்கிறோம். இரண்டையும் நம்பும் நேர்மையான பிள்ளை வேறு என்ன படம் வரையும்? அந்தப் படம் அறியாமை இல்லை, ஒரு கொள்கை.

மிதப்பதும் மூழ்குவதும் அப்படித்தான். "கனமானது மூழ்கும்" என்பார்கள். பெரிய வாளியில் தண்ணீர் வைத்து, மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றையும் கோலி ஒன்றையும் கையில் கொடுத்தேன். எது கனம்? தேங்காய். எது மூழ்கும்? தேங்காய்தான் என்று முழு வகுப்பும் கத்தியது. போட்டார்கள். தேங்காய் மிதக்க, கோலி அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு சின்னப் பெண் "டீச்சர், தேங்காய்க்குள்ள காத்து இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் விடை சொல்லவில்லை. வெட்டிப் பார்த்தோம். நாரைத் தனியாக, ஓட்டைத் தனியாக, பருப்பைத் தனியாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். மற்ற பாடம் எதுவும் அன்று நடக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பழைய கணக்கு | வியாழன், காலை 6.00

அந்தத் தேங்காய் வகுப்பில் நானும் ஒரு மாணவனாக உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது, டீச்சர்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது. இப்படி விளையாடிய பிள்ளை பிறகு பள்ளிக் கணக்கில் நன்றாக வருகிறதா? இதற்கு யாரிடமாவது நேர்மையான பதில் உண்டா?

எண்ணும் மனம் | வியாழன், இரவு 10.20

உண்டு ஐயா, அது உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும்.

மோயிரா தில்லன், எலிசபெத் ஸ்பெல்கே, எஸ்தர் துஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு டெல்லியில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 214 முன்பள்ளிகள், 1540 பிள்ளைகள். எது அதிகம் என்று புள்ளிக் கூட்டங்களைப் பார்த்துச் சொல்வது, வடிவங்களில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பது போன்ற விளையாட்டுகள், நான்கு மாதம். பிள்ளைகளின் அளவு உணர்வும் வடிவ உணர்வும் தெளிவாகக் கூடின, ஒரு வருஷம் தாண்டியும் அது நிலைத்தது. ஆனால் முதல் வகுப்பில் எண்ணும் குறியும் வைத்துக் கற்கும் கணக்கில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: அளவு உணர்வு ஒரு கரை, சொல்லும் குறியும் இன்னொரு கரை. முதல் கரை பிறவியிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கே 8 புள்ளிக்கும் 16 புள்ளிக்கும் வித்தியாசம் தெரியும், 8க்கும் 12க்கும்தான் தெரியாது. இரண்டாவது கரையை உங்கள் வாய்ப்பாடு கட்டித் தருகிறது. பாலம் தானாக வராது. விளையாட்டுக்குள்ளேயே எண்ணின் பெயரும் எழுத்தும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை வைத்து இதைப் பார்த்தார்கள். வரிசையாக 1 முதல் 10 வரை எழுதிய பலகையில் காய் நகர்த்தி, கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே போகும் விளையாட்டு. நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், அவ்வளவுதான். எண்களை ஒப்பிடுவதிலும் இனம் காண்பதிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நம் பரமபதத்தில் கட்டங்கள் நிறைய. சின்னப் பிள்ளைக்கு அது பெரிது. முதல் பத்துக் கட்டத்தை மட்டும் சாக்பீஸில் தரையில் நேராக வரைந்தால் போதும்.

மல்லிகைப்பந்தல் சகோதரிக்கு: மூன்று வடை இருக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டு நிறுத்தாமல், "மூணு வடை" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கண் முன்னே இருக்கிற பொருளை எண்ணி, மொத்தத்தையும் சொல்லும் பெற்றோரின் பேச்சு பிள்ளைகளுக்கு மிகவும் உதவுவதாகச் சூசன் லெவின் குழுவினரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஒரு சொல்தான் பாலத்தின் முதல் பலகை.

பழைய கணக்கு | வெள்ளி, காலை 6.25

இந்தப் பதிலை ஏற்கிறேன். பேரனோடு பல்லாங்குழி ஆடும்போது குழியில் போடப் போட எண்ணச் சொல்வதோடு விட்டுவிடுவேன். இனி நான்கு சேர்ந்ததும் "நாலு, பசு!" என்று சொல்லி எடுக்கப் போகிறேன். வீட்டில் பழைய பித்தளைப் படியும் ஆழாக்கும் இருக்கின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்லித் தருவதை விட்டு, அரிசியைக் கொட்டி அவனையே அளக்கச் சொல்கிறேன். எனக்கு ஒரு குழப்பம் மட்டும் பாக்கி. மூன்றேமுக்கால் வயதுப் பிள்ளைக்கு தினமும் இரண்டு பக்கம் எழுத்து வேலை எதற்கு? மனப்பாடம் வேண்டும் என்று சண்டை போடும் நானே அதைக் கேட்க மாட்டேன்.

பால்வாடி டீச்சர் | வெள்ளி, மதியம் 2.40

அந்த விரல்களுக்கு இன்னும் பிடிமானமே வரவில்லை ஐயா. மணி கோர்க்கட்டும், மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும். அம்மா, பள்ளியில் போய்ப் பணிவாகவே கேளுங்கள், எழுத்துக்குப் பதில் வீட்டில் எண்ணிப் பழகுகிறான் என்று சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.00

இந்த இழைக்குத் திரும்ப வருகிறேன் என்று சொல்லாமலே போயிருந்தேன். மன்னிக்கவும்.

பள்ளியில் பேசினேன். இரண்டு பக்கம் அரைப் பக்கம் ஆகியிருக்கிறது, அது போதும். வீட்டில் புதிதாக எதையும் வாங்கவில்லை. எண்ணி முடித்ததும் மொத்தத்தைச் சேர்த்துச் சொல்வதை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டேன். இட்லி, செருப்பு, மாடிப்படி, காக்கை எல்லாவற்றுக்கும். மாமியாரும் இப்போது சொல்கிறார், "ரெண்டு கத்தரிக்கா, இன்னொண்ணு வச்சா மூணு கத்தரிக்கா" என்று அவனிடம் காய் நறுக்கிக்கொண்டே.

இன்று மதியம் மூன்று தட்டு கேட்டேன். போனான். நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அலமாரி முன்னால் நின்று ஒரு தட்டை எடுத்து, இன்னொன்றை எடுத்து, யோசித்து, மூன்றாவதை எடுத்து, நான்காவதைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டான். மூன்றுதான் கொண்டு வந்தான். தரையில் வைத்தான். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அப்புறம் பாட்டியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், "பாட்டிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்ப அலமாரிக்கு ஓடினான். நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைக் கொண்டு வந்தான்.

பால்வாடி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.30

கண் நிறைந்துவிட்டது அம்மா. நாளைக்கு நான்கு கேளுங்கள். அள்ளிக்கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.